வலயம் இரண்டில் இருக்கும் தம்பிக்கு

பெறுநர்: க.பொ.த. உயர்தரப் பரீட்சார்த்தி, வலயம் 2, இராமநாதன் நலன்புரிக் கிராமம், மெனிக் பாம், செட்டிகுளம். திகதி: 2009 ஆகஸ்ட்.

தம்பி,

முகவரியில் பிழை இல்லை. இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட சனத்தை முள்ளுக்கம்பிக்குள் அடைத்து அதற்குக் கிராமம் என்று பெயர் வைத்த பெருமக்கள், வலயத்துக்கு வெறும் இலக்கம் போட்டால் மரியாதையாக இராது என்று பெரிய மனிதர்களின் பெயர்களையும் தேடிப் பிடித்தார்கள். கதிர்காமர், ஆனந்த குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம். பொன்னம்பலம் அருணாசலம் யாரென்று தெரியுமா? இலங்கைக்கென்று ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென்று 1906இலேயே சங்கம் அமைத்து வெள்ளைக்காரனோடு மல்லுக்கட்டியவர். அவருடைய தமையன் இராமநாதன் பரமேஸ்வராக் கல்லூரியைக் கட்டியவர். 1974இல் யாழ்ப்பாண வளாகம் அந்தக் கட்டடங்களில்தான் தொடங்கியது. பேராதனையில் இருவர் பெயரிலும் மாணவர் விடுதிகள் இருக்கின்றன. ஆகவே உனக்கு விடுதி கிடைக்குமோ என்று யோசிக்காதே. உயர்தரம் எழுதமுதலே இராமநாதனில் இடம் தந்துவிட்டார்கள். தறப்பாள் கூரை, சிவத்தப் புழுதி, பவுசர் வந்தால் தண்ணி. (சர்வசன வாக்குரிமை வேண்டாம் என்று கடைசிவரை நின்றவர் இராமநாதன். அந்த வகையில் பெயர்ப் பொருத்தம் பார்த்தவனைப் பாராட்டத்தான் வேண்டும். கம்பிக்கு உள்ளே இருப்பதா வெளியே போவதா என்று உன்னிடம் எவரும் வாக்குக் கேட்கவில்லை.)

இந்தக் காலத்தில் ஒரு மோஸ்தர் வந்திருக்கிறது. நாற்பதை எட்டிப் பார்க்கிறவர்கள், பல்கலைக்கழகம் புகமுன் இருந்த தங்களுக்குத் தாங்களே ஆலோசனை எழுதுகிறார்கள். வெள்ளென எழும்பியிருக்கலாம், இங்கிலிஷ் பேப்பர் வாசித்திருக்கலாம், நேரத்தை வீணாக்காமல் இருந்திருக்கலாம் என்று ஒரு பாட்டம் அழுகிறார்கள். நானும் உன்னை முன்னால் இருத்தி விசாரித்துப் பார்த்தேன். குற்றப்பத்திரிகையில் உன் பெயரைப் போட ஒன்றும் அகப்படவில்லை. வெள்ளென எழும்பவில்லை என்று சொல்லவா? தண்ணிக் கியூவில் வாளி வைக்க இருட்டோடு எழும்பிப் போனவன் நீ. நேரத்தை வீணாக்கினாய் என்று சொல்லவா? உன் நேரத்தை வீணாக்கியவர்களின் பட்டியல் என்னிடம் இருக்கிறது. அதில் ஜனாதிபதி இருக்கிறார், தளபதிகள் இருக்கிறார்கள், இரண்டு பக்கத்துத் தளபதிகளும் இருக்கிறார்கள், அமைச்சர்களும் திணைக்களங்களும் வரிசையாக இருக்கிறார்கள். உன்னைக் காணவில்லை. எனவே உன்னைத் திருத்தும் உத்தேசம் எனக்கில்லை. இவர்களிடம் தப்பிப் பிழைக்கிற வழி ஏதாவது இருந்தால் சொல்லலாம் என்று பார்க்கிறேன்.

முதலில் அந்த உரப்பை. பிறப்புச் சாட்சிப் பத்திரத்தையும் ஓ.எல். பெறுபேற்றையும் ஷொப்பிங் பையில் சுற்றி, அதற்கு மேல் உரப்பைத் துண்டு சுற்றி, மாத்தளனிலிருந்து வயிற்றோடு கட்டிக்கொண்டு வந்தாரே அம்மா, அதை எக்காரணம் கொண்டும் தொலைத்துவிடாதே. நகைகளைக் கடலேரியில் விட்டவர் அதை விடவில்லை. இலங்கையில் ஒரு மனிதன் இருக்கிறான் என்று நிரூபிக்க மனிதன் போதாது, மூலப்பிரதி வேண்டும் என்று அவருக்குத் தெரியும். விண்ணப்பப் படிவத்தில் நிரந்தர முகவரி என்று ஒரு கட்டம் வரும். வீட்டு முகவரியையே எழுது. அந்த வீட்டில் இப்போது ஆமி இருக்கிறது என்பதை எழுத அவர்கள் கட்டம் விடவில்லை.

பசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2005இல் ஸ்டீவ் ஜொப்ஸ் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பட்டதாரிகளைப் பார்த்து எப்போதும் பசியோடு இருங்கள் என்று சொன்னார். உலகமெல்லாம் அதைச் சட்டம் போட்டுச் சுவரில் கொழுவிற்று. அந்த அறிவுரையை மிகக் கட்டுப்பாடாகக் கடைப்பிடித்த மாணவர் கூட்டம் முள்ளிவாய்க்காலில் கஞ்சிக்கு நின்றது. ஸ்டான்ஃபோர்ட்டிலிருந்து எங்களை ஒருவரும் கூப்பிடவில்லை.

முகாமுக்குள் எழுதும் பரீட்சை உன்னைக் கம்பஸுக்குக் கொண்டுபோகாது. 2010இல் செக்கண்ட் ஷை எழுதுவாய், ஊருக்குத் திரும்பி, சுவரில் சன்னம் துளைத்த பள்ளிக்கூடத்தில். ஏ9 வீதி திறந்தபின் ஆசிரியர்கள் வருவார்கள். பஸ்ஸில் வருவார்கள், பஸ்ஸில் போவார்கள். பள்ளிக்கூட மணி சும்மா அழகுக்குத் தொங்கும். நேரசூசியை ஓட்டுவது யாழ்ப்பாண பஸ். கணக்குக்கும் பௌதிகத்துக்கும் ஆளில்லையே என்று கேட்டால், இது கஷ்டப் பிரதேசம் என்று பதில் வரும். கஷ்டப் பிரதேசத்துக்கென்று அரசாங்கம் ஒரு கொடுப்பனவு வைத்திருக்கிறது. வந்து போகிறவர்களுக்கு அது உண்டு. அங்கேயே கிடந்து கஷ்டப்படுகிறவர்களுக்கு இல்லை.

அதற்குப் பதிலாகத்தான் உனக்குக் கோட்டா. அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்டச் சனத்தொகைக்கு, 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றும் அந்த 16க்குள். இதைச் சொல்லிக்காட்டாமல் ஒருவரும் உனக்குச் சோறு போடமாட்டார்கள். 1971இல் தரப்படுத்தல் வந்தபோது தமிழ்ச் சனம் குமுறிற்று. ஒரே பரீட்சைக்கு மொழியைப் பார்த்து வெட்டுப்புள்ளி போட்டால் யார் குமுறமாட்டார்? பிறகு மாவட்டக் கணக்கு வந்தது, அதற்கும் குமுறினார்கள். அப்படிக் குமுறிய வீடுகள் சிலவற்றின் பேரப்பிள்ளைகள் இப்போது யாழ்ப்பாணத்தில் ரியூசன் எடுத்துக்கொண்டு, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இடாப்பில் பெயர் பதிந்து பரீட்சை எழுதுகிறார்கள். தாத்தாவின் குமுறல் அப்படியே பத்திரமாக இருக்கிறது. முகவரி மட்டும் இரணைமடுவுக்குக் கிட்ட நகர்ந்திருக்கிறது. வன்னியின் புழுதி, நுளம்பு, பஸ் இல்லாத ஒழுங்கை எதிலும் பங்கு வேண்டாம். வெட்டுப்புள்ளியில் மட்டும் பங்கு வேண்டும்.

ஒன்றில் நீ அதிர்ஷ்டசாலி. உனக்கு அடுத்த ஆண்டு, 2011இல் எழுதியவர்களுக்குப் பழைய பாடத்திட்டத்தையும் புதிய பாடத்திட்டத்தையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கி இசட் ஸ்கோர் கணித்தார்கள். 2012 ஜூனில் உயர் நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது. பரீட்சை எழுதிய பிள்ளைகள் பாஸ், கணக்குப் பார்த்த பெரியவர்கள் பெயில். பெயிலான எவரும் செக்கண்ட் ஷை எழுதியதாகத் தெரியவில்லை.

இனி 2011 மே. கம்பஸ் கடிதத்துக்காகப் படலையைப் பார்த்துக்கொண்டிருப்பாய். வரும் கடிதம் தலைமைத்துவப் பயிற்சிக்கு. மூன்று கிழமை. இடம், இராணுவ முகாம். உயர்கல்வி அமைச்சின் கண்டுபிடிப்பு இது; முதல் தொகுதி மே 23இல் தொடங்கியது, நாடெங்கும் 28 இடங்களில், ஏறத்தாழப் பத்தாயிரம் பிள்ளைகள். கொழும்புப் பிள்ளைகளுக்கு எல்லாம் புதினமாக இருக்கும். உனக்கு என்ன புதினம்? தட்டோடு வரிசையில் நிற்பது, பெயர் கூப்பிட்டால் கையைத் தூக்குவது, லைட் அணைந்தபின் வாய் திறக்காமல் கிடப்பது, இவ்வளவும் செட்டிகுளத்தில் விசேட சித்தி பெற்ற பாடங்கள். முன்னனுபவத்தைக் காட்டி விலக்குக் கேட்டிருக்கலாம், அதற்கும் மூலப்பிரதி கேட்டிருப்பார்கள்.

வரலாறும் தேசிய மரபுரிமையும் என்று ஒரு பாடம் நடக்கும். யாருடைய வரலாறு என்று கேட்டுவிடாதே. அந்தக் கேள்வி கேட்கிறவர்களுக்கென்று வேறு நிலையங்கள் இருக்கின்றன. பம்பைமடுவில் வவுனியா வளாகத்துக்கென்று கட்டிய விடுதியை 2009இல் புனர்வாழ்வு நிலையமாக்கி முன்னாள் போராளிப் பெண்களை அடைத்து வைத்தார்கள். மாணவரை இராணுவ முகாமுக்கு அனுப்பி, மாணவர் விடுதியைத் தடுப்பு முகாமாக்கிய அரசு, உயர்கல்விக்குக் கட்டடம் போதாது என்று மட்டும் சொல்ல முடியாது.

ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். தலைமைத்துவம் பழக்குகிறோம் என்று வன்னிப் பிள்ளைகளைக் காட்டுக்குள் கூப்பிட்டவர்களில் இவர்கள் முதல் ஆட்களில்லை. வீட்டுக்கு ஒரு பிள்ளை தா என்று முதலில் புலிகள் கேட்டார்கள். பிறகு கேட்காமலே எடுத்தார்கள். ஏ.எல். வகுப்பில் உன் வாங்கு எப்படிக் காலியானது? ரியூசனுக்குப் போன பெடியன் சைக்கிள் மட்டும் வீட்டுக்கு வந்தது எப்படி? பிடிபடாமல் இருக்கப் பௌதிகப் புத்தகத்தை மூடிவிட்டு அவசரமாகத் தாலி கட்டிக்கொண்டவளுக்கு இன்று இரண்டு பிள்ளைகள், புருஷனைக் காணவில்லை. ஒருவன் பிடித்துக்கொண்டு போனான், மற்றவன் மிஞ்சியதை முள்ளுக்கம்பிக்குள் எண்ணினான். இரண்டு பேரும் உங்கள் எதிர்காலத்துக்காக என்றுதான் சொன்னார்கள். மேடை போட்டுச் சொன்னார்கள்.

கடைசியில் கம்பஸ். எந்தக் கம்பஸ் என்று எழுதமாட்டேன். பகிடிவதையில் எல்லாக் கம்பஸும் ஒரு தாய் பிள்ளைகள். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதைக் குற்றம் என்கிறது. அந்தச் சட்டத்தை அச்சடித்து ஒட்டிய அறிவித்தல் பலகைக்குக் கீழேதான் உன்னை வரிசையில் நிறுத்துவார்கள். எந்த மாவட்டம் என்று கேட்பார்கள். சொன்னதும் சிரிப்பு. “குறைஞ்ச இசட் ஸ்கோரில உள்ளுக்க வந்த ஆக்களோ?” கேட்கிறவன் சண்டை நடந்த காலமெல்லாம் வீட்டில் மின்விசிறிக்குக் கீழே இருந்து படித்தவன், அதற்காக அவனைக் குறை சொல்லமாட்டேன். அதற்குப் பிறகு செய்ததற்குச் சொல்வேன்.

புதுக்குடியிருப்புப் பெடியன் ஒருவன் உன்னோடு நிற்பான். ஒல்லி, வலது முழங்கைக்குக் கீழே தோல் சுருங்கியிருக்கும். ஷெல் வருகுது, படு என்று சீனியர் கத்துவான். மற்றவர்கள் பகிடியாக விழுந்து எழும்புவார்கள். இவன் முறைப்படி படுப்பான். முகம் கீழே, முழங்கை ஊன்றி நெஞ்சு நிலத்தில் முட்டாமல், இரண்டு காதையும் விரலால் அடைத்து, வாயை ஆவென்று திறந்து. வாய் ஏன் திறக்கவேண்டும் என்று சீனியருக்குத் தெரியாது, அதற்கும் சிரிப்பான். காற்றழுத்தத்தில் செவிப்பறை கிழியாமல் இருக்கத் திறக்கிறது, அண்ணை. உங்களுக்கு ரியூசனில் அது சொல்லித் தந்திருக்கமாட்டார்கள். எழும்பு என்று சொன்னபிறகும் அவன் எழும்பமாட்டான். அன்றைக்கு அந்த வரிசையைப் பார்த்தபடி இரண்டு விரிவுரையாளர்கள் நடந்து போவார்கள், ஒருவர் கையில் மாணவர் நலன் சம்பந்தமான கோவை இருக்கும்.

இதைத்தான் ஆளுமை என்றும் ஒற்றுமை என்றும் சொல்வார்கள். அடுத்த ஆண்டு உன்னையும் சீனியர் ஆக்கி, யாழ்ப்பாணத்தாரோடு ஒரே வரிசையில் நிறுத்தி, கத்தும் உரிமையைச் சமமாகத் தருவார்கள். தமிழர் தாயகத்தில் மாவட்ட வித்தியாசம் இல்லாமல் கிடைக்கும் சம உரிமை அது ஒன்றுதான்.

மகாபொல காசை நம்பிக் கன்ரீனில் கடன் வைக்காதே, அது வரும்போது வரும். 1981இல் தொடங்கிய புலமைப்பரிசில் அது. பல ஆண்டுகளாக 5,000 ரூபாயில் நின்று, 2022இல் பாண் விலை கூரையைப் பிய்த்தபோதும் அசையாமல் நின்று, 2025 வரவு செலவுத் திட்டத்தில்தான் 7,500 ஆனது. அதற்கு நன்றி சொல்லியும் பனர் கட்டினார்கள்.

2012 ஜூலையில் விரிவுரையாளர்கள் வேலைநிறுத்தம் செய்வார்கள். தேசிய உற்பத்தியில் 6 வீதத்தைக் கல்விக்கு ஒதுக்கு என்று கேட்பார்கள். நியாயமான கோரிக்கை. ஒக்டோபரில் கம்பஸ் திறக்கும். ஆறு வீதம் வராது, போன மாதங்களும் வராது. நவம்பரில் மாவீரருக்கு விளக்கு ஏற்றினால் யோசித்து ஏற்று. அந்த நவம்பரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விடுதிக்குள் சுட்டிகளை அணைக்க ஆமி புகுந்தது; அடுத்த நாள் ஊர்வலம் போனவர்களுக்கு அடி; நான்கு மாணவர்களைப் பிடித்து வெலிக்கந்தைக்குப் புனர்வாழ்வுக்கு அனுப்பினார்கள். படிக்கிற பிள்ளையை எதிலிருந்து புனர்வாழ்வளித்து எதற்குத் திருப்பினார்கள் என்று இன்றுவரை எந்த அறிக்கையும் சொல்லவில்லை. இரவில் மோட்டார் சைக்கிளில் போகாதே என்றும் சொல்லவேண்டும். 2016 ஒக்டோபர் 20 இரவு குளப்பிட்டியில் அப்படிப் போன இரண்டு மாணவர்கள்மீது பொலிஸ் சுட்டது. ஒருவர் கிளிநொச்சிப் பெடியன். முதலில் விபத்து என்றார்கள். துவக்குச் சூட்டுக் காயத்தை விபத்தாக வாசிக்கிறதற்கு எந்தப் பீடத்தில் பட்டம் எடுக்கவேண்டுமோ தெரியாது.

பட்டம் கிடைக்கும். மேலங்கி வாடகைக்கு எடுத்து அம்மாவோடு படம் பிடிப்பாய், அந்தப் படத்தைச் சட்டம் போடு, அதுதான் பட்டத்தின் நிகர லாபம். 2017இல் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் வேலையற்ற பட்டதாரிகள் பந்தல் போட்டு மாதக்கணக்கில் தெருவில் இருந்தார்கள். அதே ஆண்டு கிளிநொச்சிக் கந்தசாமி கோயில் முன்னால் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் பந்தல், கேப்பாபிலவில் காணி கேட்டவர்களின் பந்தல். கலியாண வீட்டுக்குப் பந்தல் வாடகைக்குக் கிடைக்காத காலம் அது. வந்த அமைச்சர்கள் எல்லாப் பந்தலுக்கும் ஒரே மறுமொழி சொன்னார்கள்: கவனத்தில் எடுத்திருக்கிறோம்.

2020இல் தேர்தல் முடிந்த கையோடு ஐம்பதாயிரம் பேருக்கு மேல் பயிலுநர் பட்டதாரிகளாக எடுத்தார்கள், மாதம் 20,000 ரூபாய். அதில் நீயும் ஒருவன். முகாமில் பரீட்சை எழுதியவனுக்கு அப்போது முப்பது வயது கடந்துவிட்டது. பிறகு அபிவிருத்தி உத்தியோகத்தர். எதை அபிவிருத்தி செய்வது என்று நியமனக் கடிதத்தில் இல்லை. காரியாலயத்தில் கேட்டால் முதலில் ஒரு கதிரை தேடு என்பார்கள். ஒரு மேசைக்கு நான்கு பட்டதாரிகள், இரண்டு கதிரைகள். விரல் அடையாள மெசினில் பெருவிரலை வைத்துவிட்டு, வீட்டுக்கு எத்தனை கோழி, எத்தனை மலசலகூடம், எத்தனை பெண் தலைமைக் குடும்பம் என்று படிவம் நிரப்புவது வேலை. கோழிக் கணக்கு ஒவ்வொரு காலாண்டும் கேட்பார்கள். குடும்பத் தலைவன் எங்கே போனான் என்ற கேள்வி படிவத்தில் இல்லை.

இப்போது வன்னியில் கல்விக்குக் குறைவில்லை என்று யாரும் சொன்னால் நம்பு. 2021 ஆகஸ்டில் வவுனியாவுக்குத் தனிப் பல்கலைக்கழகம் வந்துவிட்டது. கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடம் 2014இலிருந்து இருக்கிறது, விவசாய பீடம் இருக்கிறது, தொழில்நுட்ப பீடம் இருக்கிறது. விடியற்புறம் ஏ9 கரையில் நின்று பார். உள்ளூர்ப் பெட்டையளை ஏற்றிக்கொண்டு ஆடைத் தொழிற்சாலை பஸ்கள் போகும். ஏ.எல். எழுதியவர்கள், சிலர் நல்லாய்ப் பாஸ் பண்ணியவர்கள். தகுதி பெறுகிற நாலு பேரில் ஏறத்தாழ ஒருவருக்குத்தான் பல்கலைக்கழகத்தில் இடம். மற்ற மூன்று பேருக்கு பஸ் வாசலுக்கே வருகிறது. வன்னியில் நேரத்துக்கு வருகிற ஒரே பஸ் அதுதான். பரீட்சைக்கு அந்த ஒழுங்கு இருக்கவில்லை: 2021ஆம் ஆண்டுப் பரீட்சை 2022இல், 2022ஆம் ஆண்டுப் பரீட்சை 2023இல், 2023ஆம் ஆண்டுப் பரீட்சை 2024இல். நேரத்தை வீணாக்காதே என்று இந்தப் பிள்ளைகளுக்கும் சொல்கிறார்கள்.

சொல்கிற வேலை இம்முறை என் தலையில் விழுந்திருக்கிறது. வருகிற மாதம் உயர்தர மாணவர்களுக்கு வழிகாட்டல் கருத்தரங்கு. ஏற்பாடு அபிவிருத்தி உத்தியோகத்தர். பனர் அடித்தாயிற்று, முயன்றால் முடியாதது இல்லை என்று இரண்டு நிறத்தில். பேச்சாளர் கொழும்பிலிருந்து வருகிறார், வறுமையைச் சாட்டாகச் சொல்லக்கூடாது என்பதில் விசேட தேர்ச்சி உள்ளவராம். பிள்ளைகளின் கேள்விகளை முன்கூட்டியே எழுத்தில் வாங்கி அனுப்பச் சொன்னார்கள். பெட்டி வைத்து வாங்கினேன். கெமிஸ்ட்ரிக்குச் சேர் எப்ப வருவார்? பின்னேரம் பஸ் இல்லை, ரியூசன் முடிஞ்சு என்னெண்டு வீட்டை போறது? கம்பஸ் முடிச்சா உங்கட சம்பளம் எவ்வளவு, அண்ணா? அப்பாவைக் காணவில்லை எண்டால் வருமானச் சான்றிதழில ஆரின்ர பெயர் போடுறது? அத்தனையையும் தட்டச்சு செய்து மேலே அனுப்பினேன். திருத்திய நிகழ்ச்சி நிரல் நேற்று வந்தது. மங்கள விளக்கு, வரவேற்புரை, பிரதம பேச்சாளர் ஒன்றரை மணித்தியாலம், நன்றியுரை, வடையும் பிளேன்ரீயும். கேள்வி நேரத்தை வெட்டிவிட்டார்கள். பேச்சாளர் இருட்டமுதல் ஏ9இல் ஏறவேண்டுமாம்.